குர்ஆன் ஏந்திய பேரணியும் நமது மௌனமும்



சென்ற ரமளானின் பிற்பகுதியில், எங்கள் பள்ளிவாசலின் வாசிப்பு வட்டத்தைச் சேர்ந்த நாங்கள் சிலர் ஒரு சிறு பணியை ஏற்றிருந்தோம். வித்ருத் தொழுகையின் குனூத்தில் எந்தெந்த மக்களுக்காக இறைஞ்ச வேண்டும் என்று இமாம் அவர்களுக்கு ஒரு பட்டியல் எழுதித் தருவதே அப்பணி. பலஸ்தீனம், ரோஹிங்கியா, உய்குர், சூடான், யமன் என்று எழுதிக்கொண்டே சென்றோம். பட்டியல் நிறைந்துவிட்டது எனக் கருதித் தாளை மடித்தபோது, கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவர் தயங்கியவாறே கேட்டார்: "காக்கா, மேற்கு சஹாராவை விட்டுவிட்டீர்களே?"

எங்களில் எவருக்கும் உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. "அது மொராக்கோவின் உள்விவகாரம் அல்லவா?" என்றார் ஒருவர். "அங்கே இருபுறமும் முஸ்லிம்கள்தாமே, யாருக்கு எதிராகத் துஆ கேட்பது?" என்றார் இன்னொருவர். தம்பி தாழ்ந்த குரலில், "யாருக்கும் எதிராகக் கேட்க வேண்டாம், காக்கா. முகாமில் இருப்பவர்களுக்காகக் கேட்கலாமே" என்றார்.

அன்றிரவு அப்பெயர் பட்டியலில் இடம்பெறவில்லை. முதலில் விவரம் அறிந்துகொள்வோம், பின்னர் சேர்ப்போம் என்று ஒத்திவைத்தோம். ரமளானும் கழிந்தது. ஒத்திவைத்தது எங்கள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. அதன்பின் பல மாதங்கள் படித்தும் விவாதித்தும் நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். வாசகர்களுக்குச் செய்தி சொல்வதைவிட, எங்களுக்கு நாங்களே கணக்குச் சொல்லிக்கொள்வதே இதன் முதல் நோக்கம்.

மேகத்தைப் பின்தொடர்ந்த மக்கள்

ஆப்பிரிக்காவின் வடமேற்கு விளிம்பில், அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டி, ஏறத்தாழ 2,66,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் பாலைநிலமே மேற்கு சஹாரா. அதன் வடக்கே மொராக்கோவும், வடகிழக்கில் சிறிதளவு அல்ஜீரியாவும், கிழக்கிலும் தெற்கிலும் மௌரித்தானியாவும் உள்ளன. அந்நிலத்தின் மக்களான சஹ்ராவிகள் ஹஸ்ஸானியா என்னும் அரபு வழக்கைப் பேசுவோர். மாலிக்கி மத்ஹபைப் பின்பற்றும் சுன்னி முஸ்லிம்கள். மழைமேகம் செல்லும் திசையில் ஒட்டகங்களை ஓட்டிச் சென்று வாழ்ந்த குடிகளின் வழித்தோன்றல்கள். 'மேகத்தின் மைந்தர்' என்று அவர்களைக் குறிப்பிடும் வழக்கும் உண்டு.

1884இல் ஸ்பெயின் அக்கரையைத் தன் உடைமை என அறிவித்தது. ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற காலத்தில், 1963இல், ஐக்கிய நாடுகள் அவை இந்நிலத்தைத் தன்னாட்சி பெறாத பிரதேசங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்றளவும் அது அப்பட்டியலிலேயே இருக்கிறது. 1973 மே மாதத்தில் சஹ்ராவி இளைஞர்கள் பொலிசாரியோ முன்னணியைத் தொடங்கி ஸ்பெயினுக்கு எதிராகப் போராடினர். 1974இல் ஸ்பெயின் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கிருந்த சஹ்ராவிகள் 73,497 பேர். நம் ஊரின் ஒரு நடுத்தர நகரத்தில் வாழும் மக்களின் அளவே அது. அச்சிறு மக்கள் திரளின் தலைவிதியே அரை நூற்றாண்டாகப் பேரரசுகளின் பேரப்பொருளாக இருந்துவருகிறது.

ஸ்பெயின் வெளியேறப்போகிறது என்பது தெரிந்ததும், அந்நிலம் தமக்குரியது என மொராக்கோவும் மௌரித்தானியாவும் உரிமை கோரின. வழக்கு பன்னாட்டு நீதிமன்றத்தின் கருத்துரைக்குச் சென்றது. மொராக்கோ முன்வைத்த வாதங்களில் முதன்மையானது நமக்கு நன்கு பழகிய ஒரு சொல்லைச் சார்ந்தது: பைஅத். சஹாராவின் குடிகள் மொராக்கோ சுல்தானுக்கு பைஅத் செய்திருந்தனர், ஆகவே நிலமும் சுல்தானுக்குரியது என்பது அவ்வாதம். 1975 அக்டோபர் 16 அன்று நீதிமன்றம் தன் கருத்தை வெளியிட்டது. சில குடிகளுக்கும் சுல்தானுக்கும் இடையே விசுவாசப் பிணைப்பு இருந்தது உண்மையே. ஆனால் அது அந்நிலத்தின் மீதான இறையாண்மை ஆகாது. தம் எதிர்காலத்தைத் தாமே முடிவுசெய்யும் உரிமை அம்மக்களுக்கு உண்டு என்பதே அதன் சாரம்.

அதே நாளில் மன்னர் இரண்டாம் ஹசன் ஒரு பெரும் பேரணியை அறிவித்தார். நவம்பர் 6 அன்று ஏறத்தாழ 3,50,000 மொராக்கோ மக்கள் எல்லையைக் கடந்து நடந்தனர். அதற்குப் 'பசுமைப் பேரணி' என்று பெயர். பசுமை என்பது இஸ்லாத்தின் அடையாளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறம். நடந்தவர்களின் ஒரு கையில் தேசக்கொடி அல்லது மன்னரின் படம் இருந்தது. மறுகையில் குர்ஆன் இருந்தது. எட்டு நாள் கழித்து, நவம்பர் 14 அன்று, மத்ரீதில் ஸ்பெயினும் மொராக்கோவும் மௌரித்தானியாவும் உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன. அம்மேசையில் சஹ்ராவி ஒருவருக்கும் இடமில்லை.

இவ்வரலாற்றில் எங்களை அதிகம் கலங்கச் செய்த காட்சி இதுவே. வேற்றார் நம் வேதத்தை அவமதித்தால் நாம் கொதித்தெழுகிறோம். ஒரு சிறு முஸ்லிம் மக்களின் நிலத்தை அவர்களைக் கேளாமலே கொள்வதற்கு முஸ்லிம்களின் கரங்களில் அவ்வேதமே கொடுத்தனுப்பப்பட்டபோது, உலக முஸ்லிம்களாகிய நாம் அதனை அவமதிப்பாக எண்ணிப் பார்த்தோமா?

ஹமாதாவில் ஐம்பது ஆண்டுகள்

படைகள் நுழைந்ததும் சஹ்ராவிகளில் பெரும்பகுதியினர் கிழக்கு நோக்கி ஓடினர். ஓடிய வழியில் அமைத்திருந்த தற்காலிகத் தங்கிடங்களின் மீது 1976இன் தொடக்கத்தில் விமானங்கள் நேபாம் குண்டுகளை வீசின. தப்பியோர் அல்ஜீரியாவின் திந்தூஃப் நகருக்கு அருகே உள்ள கற்பாலையில் கூடாரம் அடித்தனர். ஹமாதா என்று அழைக்கப்படும் அந்நிலத்தில் மணற்குன்றும் இல்லை, மரமும் இல்லை. கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியஸைத் தாண்டும். 1976 பிப்ரவரி 27 அன்று, அவர்கள் சஹ்ராவி அரபு ஜனநாயகக் குடியரசை அறிவித்தனர். மௌரித்தானியா 1979இல் போரிலிருந்து விலகிக்கொண்டது; அது விட்ட பகுதியையும் மொராக்கோ எடுத்துக்கொண்டது.

1980களில் மொராக்கோ அந்நிலத்தின் குறுக்கே ஒரு மணற்சுவரை எழுப்பியது. ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளம், படைவீரர் காவல், நெடுகிலும் கண்ணிவெடிகள். பலஸ்தீனத்தின் சுவரை நம் பிள்ளைகள்கூடப் படத்தில் பார்த்திருக்கின்றனர். அதனைவிடப் பன்மடங்கு நீண்ட இச்சுவரைப் பற்றி எங்கள் வட்டத்தில் அறிந்திருந்தவர் அத்தம்பி ஒருவரே. தாய் ஒருபுறமும் மகன் மறுபுறமுமாகப் பிரிந்த குடும்பங்கள் அச்சுவரின் இருமருங்கிலும் உள்ளன.

1991 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு அவை 690ஆம் தீர்மானத்தின் மூலம் ஒரு குழுவை அமைத்தது. அதன் பெயரிலேயே பொதுவாக்கெடுப்பு என்ற சொல் உள்ளது. அவ்வாண்டு செப்டம்பர் 6 அன்று போர் நின்றது. மறு ஆண்டு தொடக்கத்தில் வாக்கெடுப்பு நடந்திருக்க வேண்டும். விடுதலையா, மொராக்கோவுடன் இணைப்பா என்ற ஒரே கேள்வி. ஆனால் வாக்களிக்கத் தகுதியுடையோர் யார் என்ற வழக்கிலேயே ஆண்டுகள் உருண்டன. அடையாளம் காணும் பணி முடிந்து ஏறத்தாழ 86,000 பெயர்கள் ஏற்கப்பட்டபோது, அதனை எதிர்த்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. வாக்குப்பெட்டி இன்றுவரை வைக்கப்படவில்லை. 2018இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் மதிப்பிட்டபடி அம்முகாம்களில் 1,73,600 பேர் வாழ்கின்றனர். அங்கே பிறந்து, மணந்து, பிள்ளை பெற்று, பேரனையும் கண்டவர்கள் உண்டு; அவர்களுள் பலர் தம் நாட்டின் கடலை ஒருமுறையேனும் கண்டதில்லை.

முகாம்களுக்கு அவர்கள் சூட்டியுள்ள பெயர்களைக் கவனிக்க வேண்டும்: அல்அயூன், ஸ்மாரா, தாக்லா, அவ்செர்த், பூஜ்தூர். அனைத்தும் சுவருக்கு அப்பால் விட்டுவந்த தம் ஊர்களின் பெயர்கள். பிள்ளை தன் முகவரியைச் சொல்லும்போதெல்லாம் தன் பாட்டியின் ஊரைச் சொல்கிறது. ஆண்கள் போர்முனையில் இருந்த ஆண்டுகளில் அம்முகாம்களைக் கட்டியவர்களும், பங்கீட்டையும் பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் நடத்தியவர்களும் பெண்களே. 2015 அக்டோபரில் பெய்த பெருமழையில் அவர்களின் மண்வீடுகள் ஆயிரக்கணக்கில் கரைந்து வீழ்ந்தன. அவற்றையும் மீண்டும் கட்டினர்.

எங்கள் மூன்று சாக்குகள்

இவற்றையெல்லாம் படித்த பின்னரும் எங்கள் வட்டத்தில் தயக்கம் நீங்கவில்லை. அத்தயக்கத்தை மறைக்காமல் எழுதுகிறோம். ஏனெனில் அது எங்களுக்கு மட்டும் உரியதன்று என அஞ்சுகிறோம்.

முதல் சாக்கு: இருபுறமும் முஸ்லிம்கள்; பேசினால் உம்மத் பிளவுபடும். இதற்கு மறுமொழி நம் வேதத்திலேயே இருக்கிறது. நம்பிக்கையாளர்களின் இரு கூட்டத்தார் மோதிக்கொண்டால் சமாதானம் செய்யுமாறும், அவர்களுள் வரம்பு மீறுபவரைத் தடுக்குமாறும், பின்னர் இருவரிடையே நீதியோடு தீர்க்குமாறும் சூரா அல்ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. வாய்மூடி இருக்குமாறு அது சொல்லவில்லை. தமக்கோ தம் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிரானதாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு சூரா அந்நிஸா பணிக்கிறது. அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவ வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) கூறியபோது, அது எவ்வாறு எனத் தோழர்கள் வியந்து கேட்டனர். அவனது கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என விளக்கம் அளித்தார்கள். ஆகவே, மொராக்கோ மக்களை நேசிப்பவர்கள் என்று நம்மைக் கருதினால், அவர்களின் அரசு செய்யும் தவறை எடுத்துச் சொல்வதும் அந்நேசத்தின் கடமையே.

இரண்டாம் சாக்கு: பொலிசாரியோ இடதுசாரிச் சாயல் கொண்ட தேசிய இயக்கம், அதன் பின்னால் அல்ஜீரியாவின் அரசியல் கணக்கு உள்ளது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. அல்ஜீரியாவுக்கும் மொராக்கோவுக்கும் இடையே பழம்பகை உண்டு. பொலிசாரியோவின் கையிலும் கறை உண்டு: போர் நின்று பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2005 ஆகஸ்டில், தன்னிடம் எஞ்சியிருந்த 404 மொராக்கோ போர்க்கைதிகளை அது விடுவித்தது. அவர்களுள் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டுக் கிடந்தவர்கள். அவர்களின் தாய்மாரும் முஸ்லிம் தாய்மாரே. இதனைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. எனினும், ஓர் இயக்கத்தின் குறை ஒரு மக்களின் உரிமையை அழித்துவிடாது. அநாதையின் காப்பாளர் தவறிழைத்தார் என்பதற்காக அநாதையின் சொத்தை அண்டை வீட்டார் எடுத்துக்கொள்ள நம் ஷரீஅத் இடம்தருமா?

பைஅத் என்ற வாதத்தையும் இங்கே எண்ணிப் பார்த்தோம். பைஅத் என்பது உடன்படிக்கை. உடன்படிக்கைக்கு உயிர் சம்மதம். ஒரு பெண்ணின் நிக்காஹ்வுக்குக்கூட அவளது சம்மதத்தைக் கேட்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. முப்பாட்டன் காலத்தில் ஒரு சுல்தானுக்குக் கொடுத்த கையைக் காட்டி, கொள்ளுப்பேரனிடம் கேளாமலே அவன் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? சஹ்ராவிகள் கேட்பது ஒன்றுதான்: எங்களைக் கேளுங்கள். கேட்ட பின் அவர்கள் மொராக்கோவுடன் இருக்கவே விரும்பினால் அதுவும் அவர்களின் முடிவே.

மூன்றாம் சாக்கு: அவர்கள் எங்கேயோ இருக்கின்றனர், நம்மால் என்ன ஆகப்போகிறது? இச்சாக்கே எல்லாவற்றிலும் வலிமையுடையதாக எங்களுக்குத் தோன்றியது. ஆகவே, இதுவரை பிறர் என்ன செய்திருக்கின்றனர் என்று தேடினோம். தேடியபோது வெட்கமே மிஞ்சியது.

ஃபுளூல் உடன்படிக்கையின் வழியில்

மக்காவில், நபித்துவத்துக்கு முந்தைய காலத்தில், யமனின் ஸபீதிலிருந்து வந்த வணிகர் ஒருவரிடம் குறைஷித் தலைவர் ஒருவர் பொருளை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தார். உறவும் துணையும் அற்ற அவ்வயலூரார் கஅபாவுக்கு அருகே நின்று முறையிட்டார். அதுகேட்ட சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவருக்கு உரியது கிடைக்கும்வரை துணைநிற்போம் என உடன்படிக்கை செய்தனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். இளமையில் அதில் பங்கேற்ற நபிகள் நாயகம் (ஸல்), இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பேன் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். அவ்வுடன்படிக்கையில் கையிட்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. சஹ்ராவிகளுக்காக உலகெங்கும் இயங்கிவரும் ஆதரவாளர்களைப் பற்றிப் படித்தபோது இந்நிகழ்வே எங்கள் நினைவுக்கு வந்தது.

எந்த ஸ்பெயின் அரசு கையெழுத்திட்டுக் கைவிட்டதோ, அந்நாட்டின் எளிய குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக ஒரு பணியைச் செய்துவருகின்றன. கோடை தாங்கவொண்ணாத மாதங்களில் முகாம்களின் சிறுவர் சிறுமியரைத் தம் வீடுகளுக்கு அழைத்து, ஏறத்தாழ இரண்டு மாதம் தம் பிள்ளைகளோடு வைத்துக்கொள்கின்றன. 'அமைதியில் ஒரு விடுமுறை' என்பது அத்திட்டத்தின் பெயர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவ்வாறு செல்கின்றனர். கண், பல், காது முதலியவற்றைப் பரிசோதிக்கின்றனர், நல்லுணவு கிடைக்கிறது, சிலர் முதன்முறையாகக் கடலைக் காண்கின்றனர். குளிர்காலத்தில் அக்குடும்பங்கள் அரிசி, மாவு, மருந்து ஆகியவற்றைத் திரட்டி வண்டிகளில் அனுப்புகின்றன. முஸ்லிம் பிள்ளைக்குப் பன்றி இறைச்சி ஆகாது என்பதை அறிந்து உலைவைக்கும் அன்னையர், நம் சமூகத்தார் அல்லர்.

மொராக்கோவுக்குள்ளேயே குரல் எழுப்பியவர்களும் உண்டு. ஆபிரகாம் செர்ஃபாத்தி மொராக்கோவின் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர்; மார்க்சியவாதி. சஹ்ராவிகளின் சுயநிர்ணய உரிமையைத் தன் நாட்டிலேயே ஆதரித்த அவர் 17 ஆண்டுகள் சிறையில் கழித்து, 1991இல் நாடு கடத்தப்பட்டார். அவரது கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆனால் ஒரு முஸ்லிம் மக்களின் உரிமையைச் சொல்லி அவர் சிறையில் இருந்த ஆண்டுகளில் நாம் எங்கே இருந்தோம் என்ற கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை.

சஹ்ராவிகளுள்ளும் ஆயுதம் ஏந்தாப் போராட்டத்தின் முகமாக விளங்குபவர் அமீனத்து ஹைதர். இருபது வயதில் பிடித்துச் செல்லப்பட்டு, 1987 முதல் 1991 வரை வழக்கோ விசாரணையோ இன்றி, கண்கள் கட்டப்பட்ட நிலையில் இரகசியச் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். 2009 நவம்பரில் வெளிநாட்டிலிருந்து அல்அயூன் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது, நுழைவுப் படிவத்தில் தன் நாடு மேற்கு சஹாரா என எழுதினார். அதற்காக அவரது கடவுச்சீட்டு பறிக்கப்பட்டு, ஸ்பெயினின் லான்சரோத்தே தீவுக்கு அனுப்பப்பட்டார். அவ்விமான நிலையத்திலேயே அமர்ந்து 32 நாட்கள் உண்ணாமறுப்புப் போராட்டம் நடத்தினார். அத்தீவில் வாழ்ந்த போர்த்துகீசிய எழுத்தாளர் சரமாகோ முதலாகப் பலர் அவரை வந்து பார்த்தனர். உலகின் கவனம் திரும்பியது. அவர் வீடு திரும்பினார். 2019இல் அவருக்கு 'மாற்று நோபல்' எனப்படும் விருது வழங்கப்பட்டது. படிவத்தின் ஒரு கட்டத்தில் உண்மையை எழுதுவதற்கு அவர் கொடுத்த விலையையும், பட்டியலில் ஒரு பெயரை எழுதத் தயங்கிய எங்களையும் ஒருங்கே நினைத்துப் பார்த்தோம்.

2010 அக்டோபரில், அல்அயூனுக்கு வெளியே குதைம் இஸீக் என்னுமிடத்தில் ஆயிரக்கணக்கான சஹ்ராவிகள் கூடாரமிட்டு, வேலையும் வாழ்விடமும் உரிமையும் கேட்டனர். நவம்பர் 8 அன்று படையினர் அதனைக் கலைத்தனர். அம்மோதலில் மொராக்கோ பாதுகாப்புப் படையினரும் உயிரிழந்தனர், சஹ்ராவிகளும் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட சஹ்ராவிகளை 2013இல் இராணுவ நீதிமன்றமும், அத்தீர்ப்பு நீக்கப்பட்ட பின் 2017இல் குடிமை நீதிமன்றமும் நீண்டகாலச் சிறைக்கு அனுப்பின. ஒப்புதல் வாக்குமூலங்கள் சித்திரவதையால் பெறப்பட்டவை என்ற முறையீட்டை மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து எழுப்பிவருகின்றன. இவ்வளவுக்கும், அந்நிலத்தில் உள்ள ஐ.நா. குழுவுக்கு மனித உரிமைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு வழங்கப்படவில்லை. 2013இல் அதற்கென ஒரு முன்மொழிவு வந்தது. மொராக்கோவின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது.

ஆதரவாளர்கள் நீதிமன்றங்களின் வாயிலையும் தட்டினர். மேற்கு சஹாராவின் பூக்ராவில் பாஸ்பேட் சுரங்கம் உள்ளது. அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமுள்ள இயந்திரப் பட்டை பாறைத்தூளைக் கடற்கரைக்குக் கொண்டுவருகிறது. 2017 மே மாதம், நியூசிலாந்துக்குச் சென்ற ஒரு கப்பல் தென்னாப்பிரிக்கத் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தப்பட்டது. அதில் 50,000 டன் அளவிலான பாஸ்பேட் இருந்தது. அச்சரக்கு சஹ்ராவிகளுக்கே உரியது என 2018இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உயர் நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று, மொராக்கோவுடனான வணிக, மீன்பிடி உடன்பாடுகள் மேற்கு சஹாரா மக்களின் சம்மதமின்றிச் செய்யப்பட்டவை என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தது. அங்கு விளையும் முலாம்பழத்தின் மீதும் தக்காளியின் மீதும் மேற்கு சஹாரா என்றே விளைநிலத்தின் பெயர் இருக்க வேண்டும் என்றும் அன்று கூறியது. அமீனத்து எழுதிய அதே சொல்லைப் பழத்தின் மீதும் எழுத வேண்டும் என்று அத்தீர்ப்பு சொன்னது.

அரசுகளோ எதிர்த்திசையில் சென்றன. 2020 டிசம்பரில் அன்றைய அமெரிக்க அதிபர், மொராக்கோ இஸ்ரேலுடன் உறவை ஏற்படுத்திக்கொள்வதை ஒட்டி, மேற்கு சஹாராவின் மீது மொராக்கோவுக்கு இறையாண்மை உண்டு என அறிவித்தார். பலஸ்தீனத்துக்காகக் கண்ணீர் விடும் நம்முள் எத்தனை பேர், அவ்விரு மக்களும் ஒரே பேரத்தில் விலைபேசப்பட்டதைக் கவனித்தோம்? ஸ்பெயின் 2022இலும் பிரான்சு 2024இலும் மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தின் பக்கம் சாய்ந்தன. 2025 அக்டோபர் 31 அன்று பாதுகாப்பு அவையும் அத்திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு பேச்சு நடத்துமாறு தீர்மானித்தது. விடுதலை என்பதும் ஒரு தெரிவாக இடம்பெறும் வாக்கெடுப்பு மேலும் தொலைவுக்குச் சென்றுவிட்டது.

நமது வயல்வரை வந்த பாறை

தொலைவு என்ற சாக்கு எங்களிடம் நெடுநாள் நிலைக்கவில்லை. நம் விவசாயிகள் வயலில் இடும் டி.ஏ.பி. உரத்துக்குப் பாஸ்பேட் வேண்டும். இந்தியா அதன் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே பெறுகிறது. மொராக்கோ அவற்றுள் முக்கியமான ஒன்று. சஹ்ராவிகளின் கனிமத்தைச் சுமந்து செல்லும் கப்பல்களைக் கண்காணித்துவரும் ஆதரவாளர் குழு, பூக்ராவின் பாறை இந்தியத் துறைமுகத்துக்கும் வந்திறங்கியதை அண்மை ஆண்டுகளில் பதிவுசெய்துள்ளது. நம் சோற்றுத் தட்டில் உள்ள எந்தப் பருக்கையில் அது கலந்துள்ளது என நம்மால் பிரித்தறிய இயலாது. கனடாவின் பெரும் உர நிறுவனம் ஒன்று 2018இல் அவ்விறக்குமதியை நிறுத்தியது. அதன் முதலீட்டாளர்கள் பல ஆண்டுகளாகக் கேள்வி கேட்டுவந்ததும் அதற்கொரு பின்னணி. ஹலாலைத் தேடும் நாம் அறுக்கும் முறையைக் கேட்கிறோம். பொருளின் உடைமையாளர் சம்மதித்தாரா என்பதையும் கேட்க வேண்டாமா?

இந்திய அரசு 1985இல் சஹ்ராவி குடியரசை ஏற்று அங்கீகரித்தது. 2000இல் அவ்வங்கீகாரத்தை மீளப்பெற்றது. காலனியத்தின் வலி அறிந்த நாடு ஒருகாலத்தில் அவர்களுக்குக் கைகொடுத்தது என்பதை எங்கள் வட்டத்தில் மூத்தவர்களும் அறிந்திருக்கவில்லை.

ஆகவே, நாங்கள் மேற்கொண்ட முடிவுகள் சிறியன. அவற்றைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவ்வாண்டு எங்கள் ஸதகாவின் ஒரு பங்கை அகதிகளுக்கு உணவு வழங்கும் ஐ.நா. அமைப்புகளின் வழியாக அம்முகாம்களுக்கு அனுப்ப முடிவுசெய்தோம். எங்கள் மக்தபின் பிள்ளைகளுக்கு உலக வரைபடத்தில் அந்நிலத்தைக் காட்டி, அதன் பெயரைச் சொல்லித்தர ஒருவர் பொறுப்பேற்றார். உர இறக்குமதி பற்றி எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினோம். மறுமொழி இதுவரை வரவில்லை. ஒருவர் மட்டும் இன்னமும் எங்களோடு உடன்படவில்லை. மொராக்கோவின் உலமாக்கள் மீதும் ஃபெஸ் நகரின் கல்விப் பாரம்பரியத்தின் மீதும் அவருக்குள்ள மதிப்பு பெரிது. அவரோடு வாதிட்டோம், சினம் கொள்ளவில்லை. அவரும் கடைசியில், முகாமின் பிள்ளைகளுக்காகத் துஆ கேட்பதில் எனக்குத் தடையில்லை என்றார். தம்பி முதல் நாள் கேட்டதும் அவ்வளவே.

வரும் ரமளானுக்கான பட்டியலை இம்முறை அத்தம்பியே எழுதினார். ஆறாவது வரியில் 'மேற்கு சஹாரா' என்று இருக்கிறது. இமாம் அவர்கள் அதனைப் படித்துவிட்டு, "இந்தப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்?" என்று கேட்டு, இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்ஷா அல்லாஹ், இப்பதிவைப் படிப்போர் தத்தம் பள்ளிகளிலும் அப்பெயரை ஒருமுறை சொல்லுமாறு வேண்டுகிறோம். நாங்கள் எழுதியவற்றில் பிழை இருப்பின் அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக. கேட்கப்படாத அம்மக்களின் குரலைக் கேட்பவன் அவனே.

வஸ்ஸலாம்.